குப்பைக்குப் போகும் அம்பிறகு

லப்பைக்குடிக்காட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இறகுக்குப் பஞ்சமே கிடையாது. வெள்ளாற்றின் தென்கரையில், பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டத்தில் இருக்கும் இந்தப் பேரூரில் கோழிக்கடைகளுக்கு அன்றுதான் திருநாள். மதியத் தொழுகைக்கு முன்பே கடைக்குக் கடை சாக்கு நிறைந்துவிடும். கோழியின் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு இறகு. நூறு கிலோ கோழி வெட்டிய கடையில் ஐந்தாறு கிலோ இறகு சேரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். காசு கேட்க யாருமில்லை. எடுத்துக்கொண்டு போனால் புண்ணியம் என்பார் கடைக்காரர்.

அம்பு கட்டுகிறவர் ஒருவர் ஆசையோடு அந்தச் சாக்கைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தால் ஏமாந்துதான் போவார். அதில் அவருக்கு உதவுகிற இறகு பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. காரணம் பறவையின் வயது. கறிக்கோழி ஆறு வாரத்தில் வெட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த வயதில் அதன் சிறகிலுள்ள பெரிய இறகுகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. தண்டுக்குள் இரத்த ஓட்டம் நிற்கவில்லை, தண்டு கெட்டிப்படவில்லை. காயவைத்தால் சுருங்கும், மடக்கினால் நிமிராது. போதாததற்குப் பெரும்பாலான கடைகளில் கறிக்கோழியைத் தோலோடு உரித்துவிடுகிறார்கள். இறகைத் தனியாகப் பிடுங்கும் வேலையே அங்கு இல்லை.

இந்தக் காலத்தில் இறகு வைத்த அம்பு யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இந்திய வில்வித்தைப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று ஒரு பிரிவு உண்டு. மூங்கில் வில், மூங்கில் அல்லது மர அம்பு, 30 மீட்டரும் 50 மீட்டரும் தொலைவு. லட்சங்களில் விலை வைத்த கார்பன் வில்லும் அலுமினியப் பிடியும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுவே நுழைவாசல். ஜார்க்கண்டில் ராஞ்சிக்கு அருகில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்து உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போன தீபிகா குமாரி மூங்கில் வில்லில் தொடங்கியவர். ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பக்கத்து மலைக்காட்டிலிருந்து வந்து 1992-இல் பெய்ஜிங் ஆசிய வில்வித்தைப் போட்டியில் 30 மீட்டர் உலக சாதனையைச் சமன் செய்த லிம்பா ராமின் முதல் வில்லும் மூங்கில்தான். இவர்களைப் பார்த்து வில்லெடுக்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கு வில் உடைவதை விட அடிக்கடி நேர்கிற செலவு அம்பின் வால் பிய்ந்துபோவது. இலக்குப் பலகையைத் துளைத்து மறுபக்கம் வந்தால் இறகு கிழியும். புல்லுக்குள் ஓடிச் சொருகினால் கிழியும். மழையில் நனைந்தால் படிந்துபோகும். வெட்டிச் சாயமேற்றிப் பொட்டலமாக வரும் வான்கோழி இறகு இங்கே பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. அதை ஒவ்வொரு முறையும் வாங்கிக் கட்டுவது கட்டுப்படியாகாது.

பிளாஸ்டிக் வாலை ஒட்டினால் என்ன? ஒட்டலாம், ஒலிம்பிக்கில் எய்கிறவர்கள் மெல்லிய பிளாஸ்டிக் சுருளைத்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் அவர்களுடைய வில்லில் அம்பு ஒரு சின்னக் கம்பியின் மேல் உட்கார்ந்து, வில்லின் நடுவே வெட்டிவிட்ட இடைவெளி வழியாக எதிலும் உரசாமல் போகிறது. மூங்கில் வில்லில் அந்த வசதி இல்லை. அம்பு வில்லின் பக்கவாட்டில் உரசித்தான் வெளியேற வேண்டும். நாணை விட்டதும் பின்னாலிருந்து வரும் தள்ளலில் அம்புத்தண்டு வளைந்து, எதிர்ப்பக்கம் வளைந்து, நெளிந்தபடியே வில்லைச் சுற்றிக்கொண்டு புறப்படுகிறது. அதிவேகக் கேமராவில் எடுத்த படங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த நேரத்தில் விறைப்பான பிளாஸ்டிக் வால் வில்லில் மோதினால் அம்பு எகிறிவிடும். இறகோ மோதிய இடத்தில் படிந்து, தாண்டியதும் நிமிர்ந்துகொள்ளும். எடையும் குறைவு: நான்கு அங்குல இறகு மூன்றும் சேர்ந்தால் அரை கிராம்தான்.

வால் செய்கிற வேலை இரண்டு. காற்றில் இழுபட்டு அம்பின் பின்பாதியைப் பின்னாலேயே நிறுத்திவைப்பது ஒன்று. முனை முன்னே போக இதுதான் காரணம். இறகின் இயல்பான வளைவால் அம்பைத் தன்னைத்தானே சுழல வைப்பது இன்னொன்று. சுழலும் அம்பில் தண்டின் சிறு கோணல் ஒரே பக்கமாக இழுக்காமல் சமனாகிவிடுகிறது. கையால் சீவிய மூங்கில் தண்டு எதுவும் முழு நேராக இருப்பதில்லை என்பதால் இந்த இரண்டாவது வேலையின் அருமை மூங்கில் அம்புக்காரர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

இறகு ஏன் படிந்து நிமிர்கிறது என்பதை ஒரு பூதக்கண்ணாடி சொல்லிவிடும். நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் இழைகள் கிளம்புகின்றன. ஒவ்வோர் இழையிலும் அதைவிட நுண்ணிய இழைகள். அவற்றில் கொக்கிகள். பையின் ஜிப்பைப் போல ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் இறகு தகடாக நிற்கிறது. பிரிந்தால் விரலால் நீவினால் மறுபடி மாட்டிக்கொள்ளும். இந்தக் கொக்கிகள் வலுவாக இருப்பது பறப்பதற்கான சிறகு இறகுகளில். உடம்பிறகிலும், சேவலின் பளபளக்கும் கழுத்து மயிரிலும், மயில்தோகையிலும் இந்தப் பிடிப்பு போதாது. அதனால் அம்புக்கு அவை ஆகாது. எந்தப் பறவை என்று கேட்பதற்கு முன்னால் சிறகா, உடம்பா என்று கேட்க வேண்டும். முதிர்ந்த பறவையா, குஞ்சா என்று கேட்க வேண்டும்.

பழைய வில்லாளிகள் இறகுக்காக அபூர்வப் பறவையைத் தேடிப் போனார்கள் என்று கதைகள் நினைக்க வைக்கின்றன. பாரதப் போர்க்களத்து அம்புகள் கழுகிறகும் கொக்கிறகும் பூண்டவை. வசிட்டர் பெயரில் வழங்கும் தனுர்வேத நூல் காகம், அன்னம், மயில், கழுகு என்று ஒரு பட்டியலே தருகிறது. இறகு ஆறு விரற்கடை நீளம், ஓர் அம்புக்கு நான்கு இறகு என்று அளவும் சொல்கிறது. அந்தப் பட்டியலின் முதல் பெயர் காகம் என்பது கவனிக்க வேண்டிய சங்கதி. ஊருக்குள் உட்கார்ந்திருக்கிற பறவை அது.

இங்கிலாந்தின் கதை இன்னும் தெளிவு. 1417-இல் ஐந்தாம் ஹென்றி தன் மாவட்ட அதிகாரிகளுக்கு ஓர் ஆணை அனுப்பினார்: அடைகாக்கும் வாத்துகளை விட்டுவிட்டு மற்ற ஒவ்வொரு பெருவாத்திடமிருந்தும் ஆறு சிறகு இறகு எடுத்து லண்டனுக்கு அனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டு கேட்டது 11 லட்சத்து 90 ஆயிரம் இறகு. அம்புக்கு மூன்று என்று வைத்தால் ஏறத்தாழ நான்கு லட்சம் அம்பு. பிரான்சோடு நடந்த நூறாண்டுப் போரின் ஆயுதக் கிடங்கு உண்மையில் இங்கிலாந்துக் குடியானவர்களின் கொல்லைப்புறத்தில்தான் இருந்தது. வாத்து அங்கே அரிய பறவையாக இருந்ததால் அல்ல, வீட்டுக்கு வீடு மேய்ந்ததால் அரசர் அதைக் கேட்டார்.

அந்த ஆறு என்ற எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அம்பிலுள்ள மூன்று இறகும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். இடச்சிறகு இறகும் வலச்சிறகு இறகும் எதிரெதிர்த் திசையில் வளைந்தவை. கலந்து ஒட்டினால் ஒன்று சுழற்றப் பார்க்கும், இன்னொன்று தடுக்கும். வலச்சிறகு இறகு கட்டிய அம்பு, எய்கிறவர் பார்வையில் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். இடச்சிறகு கட்டியது மாற்றுத் திசையில். இரண்டுக்கும் இடையே உயர்வு தாழ்வு இல்லை. பக்கத்துக்கு மூன்றாக எடுத்தால் ஒரு வாத்துக்கு இரண்டு அம்பு. பூப்பந்து ஆடுகிறவர்களுக்கும் இது புதிதல்ல: ஒரு பந்தில் குத்தும் 16 இறகும் ஒரே பக்கத்துச் சிறகினுடையவை. மேற்கு வங்கத்தின் உலுபேரியாவில் பூப்பந்து கட்டுகிறவர்கள் வாத்திறகைக் குவித்து வைத்துக்கொண்டு முதலில் செய்யும் வேலை இந்தப் பக்கம் பிரிப்பதுதான்.

கையில் ஓர் இறகு மட்டும் கிடைத்தால் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? வெயில் படும் பளபளப்பான மேற்புறம் தெரிய, நுனி எதிரே நீண்டிருக்கும்படி பிடிக்க வேண்டும். நடுத்தண்டின் ஒருபுறம் அகலம், மறுபுறம் குறுகல். குறுகல் இடப்புறம் இருந்தால் அது வலச்சிறகு இறகு. வலப்புறம் இருந்தால் இடச்சிறகு. அம்புக்குப் பயன்படுவது அகலப் பக்கம்.

இனி பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கிடைக்கும் பறவைகளுக்கு வரலாம்.

முதலிடம் வான்கோழிக்கு, இதில் போட்டியே இல்லை. சிறகின் நுனிப்பகுதியில் பக்கத்துக்குப் பத்து பெரிய இறகுகள். வளர்ந்த சேவலில் ஏறக்குறைய ஓர் அடி நீளம். ஓரத்திலுள்ள ஒன்றிரண்டை ஒதுக்கினாலும் பக்கத்துக்கு ஏழெட்டுத் தேறும். நீளமானவற்றில் இரண்டு துண்டு எடுக்கலாம். ஒரு பறவையிலேயே ஒரு பிள்ளையின் அம்புக்கட்டு முழுவதற்கும் வால் கிடைத்துவிடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை என்ற அயல் இனத்தையும் கலந்து உருவாக்கிய ‘நந்தனம் வான்கோழி-1’ சிறு பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். வெள்ளை இறகு கிடைத்தால் இன்னும் நல்லது. மஞ்சள், சிவப்புச் சாயம் ஏறும். புல்லுக்குள் விழுந்த அம்பைத் தேட வசதி.

அடுத்தது ஓராண்டு கடந்த நாட்டுச் சேவல். சிறகு இறகு ஒரு சாணுக்குச் சற்றே குறைவாக இருக்கும். வான்கோழி இறகளவு விறைப்பு இல்லைதான். ஆனால் பயிற்சி அம்புக்கு, அதுவும் இலேசான மூங்கில் தண்டுக்குத் தாராளமாகப் போதும். சிக்கல் ஒன்றுதான்: நாட்டுக்கோழியைக் கொதிநீரில் முக்கி, இறகு பிடுங்கி, மஞ்சள் தடவித் தீயில் வாட்டுவது வழக்கம். முக்கிய பிறகு இறகு சகதியோடு சகதியாகிவிடும். அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். “பாய், சேவல் வெட்டுனா தண்ணியில முக்குறதுக்கு முன்னாடி ரெண்டு றெக்கையையும் தனியா வெட்டி வைங்க, பொழுது சாய வந்து வாங்கிக்கிறேன்” என்று சொன்னால் எந்தக் கடைக்காரரும் முகம் சுளிக்கப் போவதில்லை. எதற்கு என்று கேட்பார். அம்புக்கு என்றால் அடுத்த வாரம் அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். சிறகை முழுதாக வாங்குவதில் ஓர் அனுகூலம் உண்டு, இடம் வலம் குழம்பாது.

அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருகிறவர்கள் மூன்றாவது வழி. ஆரணி, சன்யாசி என்று பெயர் சொல்லும் நாட்டு வாத்துகளை நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு, கதிர் அறுத்த வயல் வயலாக நகர்கிறார்கள். வாத்தினத்துக்கு விசித்திரமான ஒரு பழக்கம்: கோழியும் வான்கோழியும் சிறகு இறகை ஒவ்வொன்றாக உதிர்க்கும், வாத்து மொத்தமாக உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்கும் வரை தரையிலேயே திரியும். அந்தச் சமயத்தில் கிடை போட்ட இடத்தில் குனிந்து பொறுக்கினால் பை நிறையும். நீளம் குறைவு, மூன்று அங்குல வால்தான் வரும். ஆனால் எண்ணெய்ப் பிடிப்பு உள்ளதால் மழைக்கும் பனிக்கும் தாங்கும்.

கூடாத இடங்களைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை யாரையாவது வம்பில் மாட்டிவிடும்.

அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலமானது. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே இறங்குகின்றன. இங்கிலாந்து வில்லாளிகள் கொண்டாடிய சாம்பல் வாத்துக்கு நெருங்கிய உறவு அது. அதன் சிறகைப் பார்க்கிற அம்புக்காரருக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் சரணாலயத்திலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. இன்னொன்று, அந்த வாத்துகள் சிறகு உதிர்ப்பது கோடையில், மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்த இடத்தில். நம்மூருக்கு வரும்போது முழுச் சிறகோடுதான் வருகின்றன.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொம்பு, நகம், பல் இவற்றோடு இறகையும் சேர்த்தே வனவிலங்கின் உறுப்பாக வரையறுக்கிறது. வேட்டையாடிப் பிடுங்கினால்தான் குற்றம், கீழே கிடந்தால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு பருந்திறகையும் ஆந்தையிறகையும் பொறுக்கிச் சேர்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. காகத்தைத் தீங்குயிர் என்று ஒதுக்கி வைத்திருந்த தனி அட்டவணையே 2022 சட்டத் திருத்தத்தில் போய்விட்டது. தனுர்வேதப் பட்டியலின் முதல் பெயரையும் அதோடு அடித்துவிட வேண்டியதுதான். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி காட்டுப்பறவை உதிர்த்த இறகைக்கூட வைத்திருக்க முடியாது. அங்குள்ள வில்லாளிகளும் அதனால்தான் வான்கோழிப் பண்ணைக்குப் போகிறார்கள்.

மயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டங்களின் மக்காச்சோளக் காடுகளில் மயில் இல்லாத இடம் குறைவு. தேசியப் பறவை, சட்டத்தின் முதல் அட்டவணை. தானாக உதிர்ந்த தோகை இறகை உள்நாட்டில் விற்கவும் வைத்திருக்கவும் சட்டம் விலக்குத் தருகிறது. ஆனால் தோகை அம்புக்கு உதவாது. இழைகள் ஒட்டாமல் விரிந்து கிடக்கும். உதவக்கூடியது செம்பழுப்பு நிறச் சிறகு இறகு. விலக்கு அதற்கில்லை! பாரதத்து அம்புகளின் கழுகிறகும் இனி ஏட்டில்தான். கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் பாறுக்கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தபோது பெரும்பகுதி அழிந்திருந்தது. தமிழ்நாட்டில் இன்று அவற்றைப் பார்க்க மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த இறகை அப்படியே ஒட்டிவிட முடியாது. நோயில் செத்த பறவையின் இறகைத் தொடவே கூடாது. பறவைக் காய்ச்சல் விளையாட்டல்ல. நலமான பறவையின் சிறகிலும் பேனும் சிற்றுண்ணியும் இருக்கும். இளஞ்சூட்டு நீரில் ஷாம்பு கலந்து அலசி, நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் பூச்சி சாகும். மீன் வைக்கிற இடத்தில் இறகா என்று வீட்டில் கேள்வி வரும். அதற்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 2,000-க்கும் மேற்பட்ட அம்புகள் கிடைத்தன. இறகெல்லாம் மக்கிப் போயிருந்தது. ஒட்டிய பூச்சில் மட்டும் செம்பு கலந்திருப்பது தெரிந்தது. இறகைத் தின்னும் பூச்சிகளை விரட்டத்தான் அப்படிச் செய்தார்கள் என்று கருதுகிறார்கள். இன்று வேப்பிலையும் நாப்தலீன் உருண்டையும் அந்த வேலையைச் செய்யும்.

நசுங்கிய இறகை எறிய வேண்டாம். இட்லிக் கொப்பரையில் ஆவி கிளம்பும்போது சிறிது நேரம் காட்டினால் இழைகள் தாமே நிமிரும்.

பிறகு பிளப்பது. நடுத்தண்டின் உட்புறத்தில் ஒரு பள்ளக்கோடு ஓடும். அதன் வழியே புதிய பிளேடால் நீளவாக்கில் கீறி இரண்டாக்க வேண்டும். அகலப் பக்கத்தை வைத்துக்கொண்டு, அதன் அடித்தண்டை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து மெல்லிய பட்டையாக்க வேண்டும். புதியவர்கள் அவசரப்படும் இடம் இது. தண்டு தடித்திருந்தால் இறகு தானாகத் திருகிக்கொள்ளும், பசை பிடிக்காது. முதல் சில இறகுகள் பாழாகும். இலவசச் சரக்கு என்பதால் வலிக்காது.

நாண் பொருந்தும் பள்ளத்துக்குச் செங்குத்தாக ஓர் இறகு, மற்ற இரண்டும் சம இடைவெளியில். இறகின் அடிப்பக்கம் அம்புமுனையை நோக்கி இருக்க வேண்டும், அதன் இயல்பான சாய்வு பின்னோக்கிப் போக வேண்டும். பசை காய்ந்ததும் முன்னும் பின்னும் நூல் சுற்றிக் கட்ட வேண்டும். முன்கட்டு அலங்காரத்துக்கு அல்ல. பழைய முறையில் அம்பு வில் பிடித்த கையின் மேலேயே போகிறது. முன்முனையில் தண்டு பெயர்ந்து நின்றால் எய்கிற வேகத்தில் கையைக் கிழித்துவிடும். பயிற்சிக்குப் போகுமுன் ஒவ்வோர் அம்பின் முன்கட்டையும் விரலால் தடவிப் பார்ப்பது கட்டாயம்.

இந்த முறையில் ஆச்சரியம் என்னவென்றால் ஐயாயிரம் ஆண்டுகளாக இதில் ஏதும் மாறவில்லை. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ‘ஓட்ஸி’ மனிதனின் தூணியில் 14 அம்புத்தண்டுகள் இருந்தன. முடிந்த அம்பு இரண்டே இரண்டு. இரண்டிலும் பிளந்த இறகு மூன்று மூன்று, மரப்பட்டைத் தாரால் ஒட்டி நூல் சுற்றியவை. நூல் சுற்றிய திசையை வைத்து ஆய்வாளர்கள் ஒன்றை வலக்கையர் கட்டினார், மற்றதை இடக்கையர் கட்டினார் என்கிறார்கள். ஆக, அந்த மலைவாசியும் ஓர் அம்பையாவது வேறொருவரிடம் வாங்கியிருக்கிறார்.

ஒட்டிய இறகைக் கத்தரிப்பதற்கு முன் எய்து பார்ப்பது நல்லது. உயரம் கூடுதலாக இருந்தால் அம்பு சத்தம் போடும், வேகம் குறையும், ஆனால் நேராகப் போகும். சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் வால் ஆடத் தொடங்கும். அதற்கு முந்தைய அளவே அந்த வில்லுக்கும் அந்தத் தண்டுக்கும் உரியது. அட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டால் மற்ற அம்புகளுக்கும் அதே அளவு வரும். ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டலாம். பழக்கமானவர்கள் காய்ச்சிய கம்பியால் பொசுக்குகிறார்கள். நாற்றம் தெரு முழுக்கப் போகும், திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

வான்கோழிக்குக் கிராக்கி கூடுவது கிறிஸ்துமஸ் சமயத்தில். அந்த வாரத்தில் வெட்டுகிற பறவைகளின் சிறகு வேண்டுமென்றால், பண்ணைக்காரரிடமும் கடைக்காரரிடமும் நவம்பரிலேயே போய், இரண்டு கோணிப்பையையும் கையோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒன்று இடச்சிறகுக்கு, இன்னொன்று வலச்சிறகுக்கு.